‘ஆதரவற்றோர்’ என்னும் சொல்லும் வீட்டிலிருக்கும் பிள்ளையும்

முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தமிழக அரசு வழங்கிவரும் மாத உதவித்தொகையின் வரலாற்றைப் படிக்கப் புகுவோர் முதலில் இடறி நிற்கும் சொல் ‘ஆதரவற்றோர்’ என்பதாகும். பார்வையற்றவர் என்றால் அது ஒருவரின் கண்ணைப் பற்றிய செய்தி. காலிழந்தவர் என்றால் அவர் உடலைப் பற்றிய செய்தி. ஆதரவற்றவர் என்ற சொல்லோ அவரைச் சுற்றி யார் இருக்கிறார், யார் இல்லை என்பதைச் சொல்கிறது. விண்ணப்பம் கொடுத்தவர் ஒருவர். விசாரணைக்கு ஆளாகிறவர் மற்றொருவர். கிராம நிர்வாக அலுவலர் கேட்கும் கேள்வி, “கண் தெரிகிறதா?” என்பதோடு நின்றுவிடுவதில்லை, “மகன் என்ன செய்கிறான்?” என்று தொடர்கிறது.

ஊனமுற்ற தந்தை ஒருவருக்கு அரசின் கைப்பணம் கிடைக்குமா என்பதை அவருக்கு வளர்ந்த மகன் இருப்பதும், அவன் எந்தக் கூரையின்கீழ் உறங்குகிறான் என்பதும் தீர்மானிக்கத் தொடங்கியது எப்போது, எவ்வாறு? இக்கேள்விக்கான விடை சென்னைக் கோட்டையில் எழுதப்பட்ட அரசாணைகளுக்குள் மட்டும் இல்லை. சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது.

ஆதரவு என்பது வடமொழி ‘ஆதரம்’ வழி வந்த சொல். மதிப்பு, அன்பு என்பன அதன் மூலப்பொருள். தமிழில் அது தாங்குதல், பற்றுக்கோடு என்னும் பொருளைச் சிறப்பாகப் பெற்றுவிட்டது. மதிப்பிலிருந்து தாங்கலுக்கு நகர்ந்த சொல், அரசாணையில் ஏறியபோது ‘அற்ற’ என்ற விகுதியைக் கட்டாயமாகச் சுமக்க நேர்ந்தது. உதவி பெற வேண்டுமாயின் தமக்கு மதிப்பளிப்போர் எவருமிலர் என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்பது, சொல்லின் வரலாறு அறிந்தோர்க்குச் சற்றே உறுத்தும்.

அரசன் யாரைக் காக்க வேண்டும், குடும்பம் யாரைக் காக்க வேண்டும் என்ற பாகுபாடு பழமையானது. அர்த்தசாஸ்திரத்தின் இரண்டாம் அதிகரணத்தில் இவ்விரண்டும் அருகருகே பேசப்படுகின்றன. குழந்தைகள், முதியோர், துன்புற்றோர், நாதனற்றோர் ஆகியோரை அரசன் பேண வேண்டும் என்கிறது அந்நூல். வசதியிருந்தும் மனைவி மக்களையும் தாய் தந்தையரையும் பேணாதவனுக்கு 12 பணம் தண்டம் என்றும் அதே பகுதி விதிக்கிறது. பேணப்பட வேண்டியவர் ஒழுக்கத்தால் வீழ்ந்தவராயின் பேணாமை குற்றமில்லை எனச் சொல்லும் நூலாசிரியர், தாய்க்கு மட்டும் அந்த விலக்கு பொருந்தாது எனச் சேர்க்கிறார். எத்தகைய தாயாயினும் சோறிட வேண்டும். இங்கே நாம் கவனிக்க வேண்டியது, தண்டம் மகனுக்கு விதிக்கப்பட்டதேயன்றி, மகன் இருப்பதைக் காட்டி முதியவரைத் திருப்பி அனுப்பும் விதியாக அது எழுதப்படவில்லை என்பதே. ‘அநாதர்’ என்ற ஒரு சொல்லைப் பிற்காலத்தார் எப்படியும் விரித்துக்கொள்ள இடமிருந்தது என்பதையும் மறுப்பதற்கில்லை.

வாலாஜாபாத்துக்கு அப்பால், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில் வீரராசேந்திர சோழனின் நெடிய கல்வெட்டொன்று உள்ளது. வீரசோழன் என்று பெயரிடப்பட்ட ஆதுலசாலை ஒன்றையும், அதில் இருந்த 15 படுக்கைகளையும், மருத்துவனுக்கும் அறுவை செய்வோனுக்கும் மருந்து கொணர்வோர்க்கும் பணிப்பெண்களுக்கும் அளந்த நெல்லையும் காசையும் அக்கல்வெட்டு நுணுக்கமாகக் கணக்கிடுகிறது. அங்கே சிகிச்சை பெறும் உரிமை, கோயிலைச் சார்ந்த கல்விச்சாலை மாணவர், கோயிற்பணியாளர் என்ற தகுதியால் வந்தது. அவ்வட்டத்துக்கு வெளியே இருந்த உழுகுடிக்கு அந்த 15 படுக்கைகளில் இடமிருந்ததா என்று கல்வெட்டு பேசவில்லை. சோழர் காலத்தைப் பொற்காலமாக்கிக் காட்டும் ஆர்வம் நமக்கில்லை. உதவி வழங்குவோர் கேட்ட முதற்கேள்வி ‘நீ எவ்விடத்தைச் சேர்ந்தவன்’ என்பதாக இருந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

‘உனக்கு யார் இருக்கிறார்’ என்ற கேள்வி அரசின் எழுத்தில் திட்டவட்டமாக ஏறியது பஞ்சத்தின் வழியாக என்று தோன்றுகிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சம், கஞ்சித்தொட்டி என்ற சொல்லைத் தமிழரின் நினைவில் நிலைநிறுத்திச் சென்றது. அதன் பின்னர் அமைக்கப்பட்ட பஞ்ச ஆணைக்குழு 1880இல் தன் அறிக்கையைத் தந்தது. தொடர்ந்து 1883இல் விதித்தொகுப்புகள் உருவாயின. உடலுழைப்புக்கு ஏற்றவர் நிவாரணப் பணிக்குச் சென்று மண் சுமந்து கூலி பெற வேண்டும். பார்வையற்றோர், கைகால் முடங்கியோர், மனநலம் குன்றியோர், மூப்பால் தளர்ந்தோர் ஆகியோர் மட்டும் வேலை செய்யாமலே உதவி பெறலாம். ஆனால் அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. நாட்டு வழக்கப்படி அவரைப் பேணக் கடமைப்பட்ட, பேணும் திறனுமுள்ள உறவினர் எவரும் இருத்தலாகாது.

இந்நிபந்தனை இந்திய மண்ணில் தானாக முளைத்ததன்று. இங்கிலாந்தில் 1601ஆம் ஆண்டின் ஏழையர் சட்டம், வறியவரைப் பேணும் கடமையைப் பெற்றோர், பாட்டன் பாட்டி, பிள்ளைகள் ஆகியோர்மீது முதலில் சுமத்தியது. அவர்களால் இயலாதபோதே ஊரார் வரிப்பணம் கைகொடுக்கும். அச்சட்டத்தின் இந்தப் பாதியை மட்டும் ஆங்கிலேய ஆட்சியாளர் இங்கே கொண்டுவந்தனர். மறுபாதியை, அதாவது ஊர்தோறும் வரி வசூலித்து ஏழைக்கு உதவும் நிலையான ஏற்பாட்டைக் கொண்டுவரவில்லை. கூட்டுக் குடும்பமும் சாதிச் சமூகத்தின் தருமமும் இருக்கையில் இந்தியாவுக்கு ஏழையர் சட்டம் எதற்கு என்ற வாதம் அக்கால அதிகாரிகளிடையே பரவலாக இருந்தது. நம் குடும்ப அமைப்பைப் புகழ்ந்து எழுதியவர் பலர் உண்டு. இப்புகழ்ச்சி மட்டும் செலவைக் குறைக்கும் நோக்கில் பிறந்தது.

விடுதலைக்குப் பின்னும் அந்நிபந்தனை நீங்கவில்லை. காமராசர் முதல்வராக இருந்தபோது, 1962 ஏப்ரல் முதல் நாளன்று சென்னை மாநிலத்தில் முதியோர் உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது. தொகை மாதம் 20 ரூபாய். உடல் ஊனமுற்ற ஆதரவற்றோருக்கான திட்டம் 1974இலும், ஆதரவற்ற விதவைகளுக்கானது 1975இலும், விவசாயத் தொழிலாளருக்கானது 1981இலும், கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கானது 1986இலும் வந்தன. அன்றைய இந்தியாவில் இவை முன்னோடித் திட்டங்கள் என்பதில் ஐயமில்லை. மணியார்டர் கொண்டுவரும் தபால்காரரின் வருகையை மாதந்தோறும் திண்ணையில் எதிர்பார்த்துக் காத்திருந்த ஒரு தலைமுறையை இத்திட்டங்கள் உருவாக்கின. 20 ரூபாயாயினும் அது அவர் பெயருக்கு வந்த பணம். மருமகள் கையை எதிர்பாராமல் வெற்றிலை வாங்க வந்த பணம்.

ஆதரவற்றோர் என்பதற்கு விதிகள் நெடுங்காலம் தந்துவந்த வரையறைதான் நம் பேசுபொருளின் மையம். வருமானமோ வருமானத்துக்கான வழியோ இல்லாதவர். பேணுவதற்குக் கணவனோ மனைவியோ, 20 வயது நிறைந்த மகனோ, மகன் வழிப் பேரனோ இல்லாதவர். அவரே ஆதரவற்றவர். பட்டியலை மறுமுறை படித்தால் அதில் இல்லாதவர் யார் என்பது விளங்கும். மகள் இல்லை. மகள் வயிற்றுப் பேரனும் இல்லை.

அரசாணை எழுதியோர் வெறுமனே ஊர்வழக்கைப் பின்பற்றினர் என்று இதற்குச் சமாதானம் கூறலாம். மகள் வீட்டில் சாப்பிடுவதைக் குறைவாகக் கருதிய சமூகம் நம்முடையது. ஆனால் அதே காலத்துச் சட்டங்கள் வேறு திசையில் சென்றுகொண்டிருந்தன. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம், முதிர்ந்த, தளர்ந்த பெற்றோரைப் பேணும் கடமையை மகனுக்கும் மகளுக்கும் பொதுவாக்கியிருந்தது. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125ஆம் பிரிவு, தம்மைத் தாமே பேண இயலாத தந்தை தாயருக்கு நீதிமன்றம் சென்று பராமரிப்புத்தொகை கோரும் வழியைத் தந்தது. அக்கடமை மணமான மகளுக்கும் உண்டு என்று விஜயா மனோகர் அர்பத் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1987இல் தீர்ப்பளித்தது. ஆக, நீதிமன்றத்தின் கண்ணுக்கு மகள் தெரிகிறாள். வட்டாட்சியர் அலுவலகத்தின் கண்ணுக்குத் தெரியவில்லை. இந்தப் பார்வைக் குறைவால் மகளுடன் வாழ்ந்த தந்தையர் சிலருக்குப் பணம் தப்பியிருக்கும் என்பது வேறு செய்தி. ஆணாதிக்கம் தன்னையறியாமல் செய்த சில நன்மைகளுள் அதுவும் ஒன்றாக இருக்கலாம்.

*

இவ்வரையறை ஓர் ஊரில் எவ்வாறு இயங்கும் என்று பார்ப்பதற்கு வல்லக்கோட்டை ஏற்ற இடம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் வழியில், ஏழடி உயர முருகனாலும் அருணகிரிநாதர் பாடியதாலும் அறியப்பட்ட ஊர் அது. கிருத்திகைக்குக் கூட்டம் கூடும்; மற்ற நாட்களில் ஏரியும் வயலுமாக இருந்த வட்டாரம். 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 2006இல் நோக்கியா உற்பத்தியைத் தொடங்கி 2014இல் மூடியது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான், 2012இல் டெய்ம்லர், 2013இல் ராயல் என்ஃபீல்டு என ஆலைகள் வரிசையாக எழுந்தன. வல்லம் வடகால் சிப்காட் ஊருக்கு மிக அருகில் வந்தது. வயல் வரப்பில் நடந்த தலைமுறைக்குப் பிறந்த பிள்ளைகள், விடியலுக்கு முன் கம்பெனிப் பேருந்துக்குக் காத்து நிற்கும் தலைமுறையாயினர்.

தொழில் வளர்ச்சி இளைஞரை ஊரைவிட்டு ஓட்டும் என்பது பொதுவிதி. இங்கே நிகழ்ந்தது அதற்கு மாறானது. வெளியூர்களிலிருந்து பல்லாயிரவர் வந்து விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் தங்க, உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே வேலைக்குச் செல்லும் வாய்ப்புக் கிட்டியது. சென்னைக்கோ திருப்பூருக்கோ போக வேண்டியதில்லை. அம்மா கட்டித்தரும் சோற்றுடன் ஷிப்டுக்குப் போய்த் திரும்பலாம். வளர்ந்த பிள்ளை வீட்டிலேயே இருப்பது இவ்வட்டாரத்துக்குக் கிடைத்த வரம் என்றே சொல்லலாம். உதவித்தொகை விதி தொட்டதும் இந்த வரத்தைத்தான்.

ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். கற்பனை வீடுதான். தந்தைக்கு ஒரு கால் செயலற்றுப்போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. 1990களின் இறுதியில் ஊனமுற்றோர் தொகை கிடைத்தது. அப்போது மகன் பள்ளிச் சிறுவன். அவன் ஐ.டி.ஐ. படித்துமுடித்து ஒப்பந்தத் தொழிலாளியாக ஓர் உதிரிபாக ஆலையில் சேர்கிறான். வயது 20 கடந்துவிட்டது. வரையறையின்படி, மகன் முதல் சம்பளம் வாங்கும் முன்பே, அவன் பிறந்தநாள் வந்த கணத்திலேயே தந்தை ஆதரவுடையவராகிவிட்டார். கால் அப்படியேதான் இருக்கிறது. மருந்துச் செலவும் ஆட்டோச் செலவும் அப்படியே. மகனுக்கோ வேலை 11 மாதம் இருக்கும், 12ஆம் மாதம் இராது. ஒப்பந்தக்காரர் மாறுவார், ஆலை மாறும். மகனின் வேலை போனால் தந்தையின் தொகை தானாகத் திரும்பி வருமா? வராது. மீண்டும் மனு, மீண்டும் சான்று, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் என்று படிகள் ஏற வேண்டும். ஒரு காலில் ஏறுகிறவருக்குப் படிகள் கூடுதல்தான்.

அதே வீட்டில் மகளும் இருக்கிறாள் என்று கொள்வோம். மின்னணு ஆலைகள் பெரிதும் இளம் பெண்களையே வேலைக்கு எடுக்கும் வட்டாரம் இது. பல வீடுகளில் நிலையான சம்பளம் மகளுடையது. இருபது வயதில் வேலையின்றித் திரியும் மகனை ஆதரவு என்றும், மாதந்தோறும் சம்பளம் கொண்டுவரும் மகளை யாருமில்லை என்றும் கணக்கிட்ட ஒரு வரையறை, நெல் வயல்களின் காலத்துக்கே ஓரளவு பொருந்தும். பிரஸ் மெஷின்களின் காலத்துக்கு அது பொருந்தவேயில்லை.

பிரஸ் மெஷின் என்றதும் வேறொன்று நினைவுக்கு வருகிறது. 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டத்தை, அதாவது நாம் இ.எஸ்.ஐ. என்பதை, இங்கே அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். காப்பீடு பெற்ற தொழிலாளி ஒருவர் ஆலையில் கட்டைவிரலை இழந்தால், சம்பாதிக்கும் திறனில் 30 விழுக்காடு இழப்பு என அட்டவணை கூறும். நிரந்தர ஊனத்துக்குரிய பயன் அவ்விகிதத்தில் அவருக்கு வாழ்நாள் முழுதும் வரும். அவருக்கு எத்தனை மகன்கள், அவர்கள் எங்கே வேலை செய்கின்றனர், யாருடன் உண்கின்றனர் என்று எவரும் கேட்பதில்லை. இழந்தது அவர் விரல், பணம் அவருடையது. அதே விரலை அண்டை வயலில் கதிரடிக்கும் இயந்திரத்தில் இழந்திருந்தால் அவர் ‘ஆதரவற்றோர்’ வரிசைக்கு வந்து, தமக்கு யாருமில்லை என மெய்ப்பிக்க வேண்டியவராகிறார். சந்தா செலுத்தியவருக்கும் செலுத்தாதவருக்கும் வேறுபாடு இருக்கலாம் என்று வாதிடுவோர் உண்டு. அவ்வாதம் தொகையின் அளவுக்குப் பொருந்தும். பிள்ளைகளைப் பற்றிய கேள்வி ஏன் ஒருவரிடம் மட்டும் கேட்கப்படுகிறது என்பதற்கு அது விடையாகாது. இன்னுமொரு முரணையும் சொல்லிவிடலாம். ஆலையில் சேர்ந்த மகனின் இ.எஸ்.ஐ. அட்டையில், அவனைச் சார்ந்து வாழும் வருமானமற்ற பெற்றோருக்கும் மருத்துவ வசதி உண்டு. ஒரு துறை அவரை மகனைச் சார்ந்தவர் எனச் சேர்த்துக்கொள்கிறது; மற்றொரு துறை அதே காரணத்துக்காக விலக்குகிறது. மருந்து வரும், கைப்பணம் போகும்.

மக்கள் இதற்கெல்லாம் தம் வழியில் விடை கண்டனர். அவ்விடை ரேஷன் அட்டையைப் பிரித்துக்கொள்வது. ஒரே கூரை, இரண்டு அட்டைகள். தனி உலை வைப்பதே பாகப்பிரிவினையின் அடையாளம் என்ற பழைய வழக்கு, அரசு அலுவலகத்தில் புத்துயிர் பெற்றது. இதனை ஏமாற்று என்போர் பலர். நாம் அவ்வாறு கருதவில்லை. சேர்ந்து வாழ்வதற்குத் தண்டம் விதிக்கும் விதி, பிரிந்து வாழ்வதாகக் காட்டும் வீடுகளைத்தான் உண்டாக்கும். 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகையிலும் குடும்பம் என்பது ரேஷன் அட்டையே. ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய். இரண்டு பிள்ளைகள் ஆளுக்கு மாதம் 12,000 ரூபாய் ஈட்டினாலே 2.88 லட்சம் ஆகிவிடும் என்ற கணக்கை ஒரகடத்துத் தாய்மார்க்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

*

இத்தகைய விதி வீட்டுக்குள் என்ன செய்யும் என்பதற்கு நன்கு பதிவான சான்று இங்கிலாந்திலேயே உண்டு. பொருளாதார வீழ்ச்சியின்போது, 1931இல், அங்கே குடும்ப வருவாய்ச் சோதனை புகுத்தப்பட்டது. நெடுநாள் வேலையற்றிருந்த தந்தைக்கு உதவி வழங்குமுன், அதே வீட்டில் வாழும் மகன், மகள் ஆகியோரின் கூலியும், முதியோரின் ஓய்வூதியமும்கூடக் கூட்டிக் கழிக்கப்பட்டன. சுரங்க ஊர்களிலும் பஞ்சாலை ஊர்களிலும் பிள்ளைகள் வீட்டைவிட்டு வெளியேறினர். சிலர் மெய்யாகவே, சிலர் பெயரளவில் அண்டை வீட்டு முகவரிக்கு. தம் மகளின் கூலியில் உண்ண நேர்ந்த தந்தையரின் மனநிலையை வால்டர் கிரீன்வுட் 1933இல் வெளியிட்ட ‘லவ் ஆன் தி டோல்’ நாவலில் காணலாம். ஜார்ஜ் ஆர்வெல் 1937இல் வெளியிட்ட ‘தி ரோடு டு விகன் பியர்’ நூலில் இச்சோதனை குடும்பங்களைச் சிதைப்பதை எழுதினார். போர்க்காலத்தில், 1941இல், அச்சோதனை கைவிடப்பட்டது. 1948இல் ஏழையர் சட்டமே நீக்கப்பட்டு, வளர்ந்த பிள்ளைகள் பெற்றோரைப் பேண வேண்டுமென்ற சட்டக் கடமையும் அதனுடன் ஒழிந்தது. முற்றிலும் ஒழிந்ததெனச் சொல்ல இயலாது. வாடகை உதவி பெறும் பெற்றோருடன் வளர்ந்த பிள்ளை வாழ்ந்தால் அவ்வுதவியில் ஒரு பகுதி கழிக்கப்படும் வழக்கம் இன்றும் அங்கே உண்டு. ஆனால் பெற்றோர் பார்வையற்றவராகவோ ஊனத்துக்கான குறிப்பிட்ட உதவிகளைப் பெறுபவராகவோ இருந்தால் அக்கழிவு பொருந்தாது. ஊனம் ஒரு வீட்டில் இருக்குமாயின் அங்கே இருக்கும் பிள்ளையை வருவாயாக மட்டும் பார்க்கலாகாது என்ற அளவிலான அறிவு அவ்விலக்கில் தெரிகிறது.

நம்மைப் போலவே பிள்ளைக் கடமையைப் போற்றும் தென்கொரியா இன்னும் பொருத்தமான ஒப்பீடு. 2000இல் நடைமுறைக்கு வந்த அடிப்படை வாழ்வாதாரச் சட்டத்தில், பேணக் கடமைப்பட்ட பிள்ளைகளின் வருவாயைக் கணக்கிடும் விதி இருந்தது. தொடர்பே அற்றுப்போன மகனைக் காரணம் காட்டி முதியோருக்கு உதவி மறுக்கப்பட்டதை எதிர்த்து நெடிய போராட்டங்கள் நடந்தன. படிப்படியாகத் தளர்த்தப்பட்டு, 2021 அக்டோபரில் வாழ்வாதார உதவியைப் பொறுத்தவரை மிகுந்த வசதியுள்ள பிள்ளைகள் நீங்கலாக அவ்விதி விலக்கப்பட்டது. கன்பூசிய நெறியைப் போற்றும் நாட்டிலேயே இது இயன்றிருக்கிறது.

இந்தியாவில் நிகழ்ந்த மாற்றம் வேறு வகையானது. 1995 ஆகஸ்டில் நடுவணரசு தொடங்கிய தேசிய முதியோர் திட்டம், தன் வருவாயாலோ குடும்பத்தினர் உதவியாலோ பிழைக்க வழியற்றவரையே ஆதரவற்றவர் என்றது. 2007இல் அச்சொல் நீங்கி, வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்தைச் சேர்ந்தவர் என்ற தகுதி வந்தது. 2009இல் வந்த இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் திட்டமும் அதே அளவுகோலை ஏற்றது. ஊனம் 80 விழுக்காடாயினும் இருத்தல் வேண்டும். சொல் மாறியதால் கேள்வியும் மாறியது. முன்பு மகன் உலகில் எங்காவது இருக்கிறானா என்று கேட்டனர். இப்போது அவன் வீட்டில் இருக்கிறானா, வீட்டின் நிலை என்ன என்று கேட்கின்றனர். இழிவு சற்றுக் குறைந்தது உண்மையே. ஆயினும் வெளியூரில் தனித்து வாழும் மகனைவிட, உடனிருந்து தந்தையைக் குளிப்பாட்டும் மகனே கணக்கில் அகப்படுகிறான் என்பது இப்புதிய அளவுகோலின் விளைவு. நடுவணரசின் பங்கு 2012இல் 300 ரூபாய் ஆயிற்று. அதன்பின் பல்லாண்டுகள் அங்கேயே நின்றது.

தமிழகத்தில் தொகை 2011இல் 1,000 ரூபாயாயிற்று. 2010 வாக்கில் ஊனமுற்றோர் என்ற சொல் அரசு வழக்கில் மாற்றுத்திறனாளி ஆயிற்று. ஊனமுற்றோர் திட்டத்தின் பெயரிலிருந்து ‘ஆதரவற்ற’ என்பதும் நீங்கியது. விதவையர் திட்டத்தின் பெயரில் அது நீடித்தது. ஊன விழுக்காடு 40 ஆகத் தளர்த்தப்பட்டது. 2023 சனவரி முதல் மாற்றுத்திறனாளிகளுக்கு 1,500 ரூபாய், அவ்வாண்டு ஆகஸ்டிலிருந்து முதியோர் உள்ளிட்ட ஏனையோர்க்கு 1,200 ரூபாய். இந்த 300 ரூபாய் வேறுபாடு தற்செயலானதன்று என்று கருத இடமுண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 24ஆம் பிரிவில், ஒத்த திட்டங்களில் பிறருக்கு வழங்குவதைவிட மாற்றுத்திறனாளிகளுக்கு 25 விழுக்காடாவது கூடுதலாக வழங்க வேண்டுமென்று கூறுகிறது. 1,200இன் மேல் 25 விழுக்காடு 1,500. சட்டம் கேட்ட குறைந்த அளவுக்கு மிகச் சரியாக வந்து நிற்கிறது கணக்கு. ஆந்திரம் 2024 சூலையில் 6,000 ரூபாய் வழங்கத் தொடங்கியபின், அத்தொகையை இங்கும் கோரி மாற்றுத்திறனாளிகள் தெருவுக்கு வந்தனர்.

அச்சட்டத்தின் அதே பிரிவில், ஓய்வூதியம் வருமான வரம்புக்கு உட்பட்டது என்ற தொடரும் இருக்கிறது. எவருடைய வருமானம் என்பதை அது தெளிவாக்கவில்லை. வளர்ந்த பிள்ளையின் சம்பளச் சீட்டு நுழைவதற்கு அவ்வளவு இடைவெளி போதும். நம் கருத்து இதுதான்: மகன் பெற்றோரைப் பேண வேண்டுமா என்பது ஒரு கேள்வி, அதற்கு 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமும், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயமும் இருக்கின்றன. அங்கே மகளும் பேரன் பேத்தியரும்கூட அழைக்கப்படலாம். ஊனத்தால் விளையும் கூடுதல் செலவை யார் ஈடு செய்வது என்பது மற்றொரு கேள்வி. முதற்கேள்வியின் விடையைக் கொண்டு இரண்டாவதை முடித்துவைப்பதே 1883 முதல் நாம் செய்துவரும் வேலை.

வீட்டிலிருக்கும் பிள்ளையை வருமானம் என்று மட்டுமே பார்த்த இக்கணக்குகளில் ஒரு பத்தி எப்போதும் விடுபட்டிருக்கிறது. நடக்க இயலாத தாயைத் தூக்கி வைப்பதற்காக இரவு ஷிப்டை மறுத்த மகள், ஓவர்டைம் பார்க்காமல் திரும்பும் மகன் ஆகியோரின் இழந்த கூலி எந்தப் படிவத்திலும் ஏறுவதில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் மிகுந்த உதவி தேவைப்படுவோர்க்குப் பராமரிப்பாளர் படி பற்றிப் பேசுகிறது. அரசின் பொருளாதார வலிமைக்கு உட்பட்டு என்ற வழக்கமான தொடருடன். விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூர்க் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டு ஒன்று உண்டு. திருப்பதியம் பாடப் பார்வையற்றோர் 16 பேரை அமர்த்தி அவர்க்குப் படி ஏற்படுத்தியவர்கள், அவர்களை அழைத்துச் செல்லக் கண்காட்டுவார் இருவரையும் அதே கல்லில் சேர்த்து, அவ்விருவர்க்கும் தனியே படி வைத்திருக்கின்றனர்.